ஜெனரல் கார்

திருப்பனந்தாளிலிருந்து கும்பகோணம் போகும் எங்கள் பஸ் பாதி வழியில் நிற்கிறது. முன்னால் ஒரு நீளமான அமெரிக்கக் கார், பின்சக்கரம் சேற்றில் புதைந்து, எருமை மாதிரிச் சாலையை அடைத்துக் கிடக்கிறது.

"யாருதுங்க இது?" என்று கேட்கிறேன்.

"யுத்தத்தப்ப வெள்ளைக்கார ஜெனரல் வச்சிருந்த காருங்க. எங்க ஊரு மிராசுதார் ஏலத்துல எடுத்தாரு," என்கிறார் கண்டக்டர், தானே எடுத்தது போல. ஜெனரலின் கொடி பறந்த கம்பி முன்பக்கத்தில் இன்னும் விறைப்பாக நிற்கிறது.

மிராசுதார் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தவிக்கிறார். ஊரில் குறுவை அறுவடைக் கூலித் தகராறு. புது ஆட்சி இரு தரப்பையும் இன்று கும்பகோணத்துக்குப் பேச அழைத்திருக்கிறது. மறுதரப்பு எங்கள் பஸ்ஸில்தான் இருக்கிறது: வேலைநிறுத்தம் செய்யும் நான்கு பெண்கள், கழியில் ஒரு சிவப்புக் கொடி.

"கொஞ்சம் தள்ளி விடுங்கம்மா," என்கிறார் மிராசுதார்.

"தள்ளுறோங்க," என்கிறார் அவர்களில் மூத்தவரான அஞ்சலை. "ஆனா பஸ்சு ஊரூரா நின்னு வரும். நீங்க முந்திப் போயி ஆபீசர்கிட்ட உங்க ஞாயத்தை மட்டும் சொல்லிடுவீங்க. எங்களையும் ஏத்திக்கிட்டுப் போங்க."

மிராசுதார் வானத்தைப் பார்க்கிறார், சக்கரத்தைப் பார்க்கிறார், தலையாட்டுகிறார். பஸ்ஸே இறங்கித் தள்ளுகிறது. என் சட்டையெல்லாம் சேறு.

சேற்றிலிருந்து மீண்ட காரின் பின்சீட்டில் நால்வரும் தாராளமாக உட்காருகிறார்கள். கொடிக்கழிதான் உள்ளே நுழையவில்லை. அஞ்சலை இறங்கி, துணியை அவிழ்த்து ஜெனரலின் கம்பியில் கட்டிவிட்டு மறுபடி ஏறிக்கொள்கிறார். கண்டக்டர் விசில் ஊத மறந்து நிற்கிறார்.

முன்சீட்டில் மிராசுதார் தன் டிரைவர் பக்கம் திரும்புகிறார்.

"மெதுவா ஓட்டுப்பா. கொடி கிழிஞ்சா அதுக்கு வேற ஒரு பேச்சுவார்த்தைக்குக் கூப்பிடுவாங்க."