பதினைந்து மணி நேரப் பகல்

இரண்டு மாதத்துக்கு முன் ஒரு ஞாயிற்றுக்கிழமை, எங்கள் வீட்டு ஹாலில் ஒரு விசாரணை நடந்தது. குற்றம் — பவளம் வெளுத்துப்போனது. சந்தேகத்துக்குரியவர்கள் — நானும் என் மாமனாரும். விசாரித்தவர் என் வீட்டுக்காரர், சேகர்.

முன்கதையைச் சொல்லிவிடுகிறேன். மலேசியாவின் ஸ்கூடாயில் எங்கள் வீட்டில் டிவி இருந்த இடத்தில் இப்போது கடல்நீர்த் தொட்டி ஒன்று இருக்கிறது. இரண்டு மீன், கொஞ்சம் பாறை, அதன் மேல் உயிருள்ள பவளம். விரல் விரலாக அசையும். நுனி சுத்தியல் மாதிரி இருப்பதால் ஹேமர் கோரல் என்று பெயர். மூன்று தலைகள். சேகரின் பல வருட ஆசை.

பவளத்துக்கு வெளிச்சம்தான் பாதிச் சாப்பாடு. குறைந்தால் வாடும். கூடினால் வெளுக்கும். அதனால் சேகர் போன் ஆப்பில் ஓர் அட்டவணை போட்டார். காலை ஒன்பதுக்கு லேசான நீலம், மெல்ல வெள்ளை கூடி மதியம் உச்சம், திரும்ப நீலம், ஐந்து மணிக்கு இருட்டு. மொத்தம் எட்டு மணி நேரம். எங்கள் கல்யாணத்துக்குக்கூட இவ்வளவு துல்லியமாக நேரம் குறிக்கவில்லை!

ஆனாலும் பவளம் சுருங்கியது. பழுப்பு நிறம் போய் எலும்பாக வெளுத்தது. சேகருக்குச் சோறு இறங்கவில்லை. ஒரு பாட்டிலில் தொட்டித் தண்ணீரை எடுத்துக்கொண்டு வளர்ப்பு மீன் கடை பிரான்சிஸிடம் ஓடினார். நானும் போனேன்.

“தண்ணி ஓகே,” என்றார் பிரான்சிஸ். “லைட் எத்தன மணி நேரம் ஓடுது?”

“எட்டு,” என்றார் சேகர்.

“எட்டு மணி நேரத்துல இப்படி வெளுக்காது லா. வீட்ல நல்லா விசாரிச்சுப் பாருங்க.”

நான் அங்கிருந்த ஓர் இறாலை மிகுந்த அக்கறையோடு பார்த்துக்கொண்டு நின்றேன்.

வீட்டுக்கு வந்ததும் விசாரணை தொடங்கியது.

“யாராச்சும் லைட்டு பட்டன தொட்டீங்களா?”

மாமா மீனைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

“காலைல காப்பி குடிக்கிறப்ப… கொஞ்ச நேரம்,” என்றேன். அந்தக் கொஞ்ச நேரம் ஆறரையிலிருந்து ஒன்பது வரை என்பது குறுக்கு விசாரணையில் வெளிவந்தது.

“அஞ்சு மணிக்கு மேல நான் போடுவேன்டா,” என்றார் மாமா. “பக்கத்து வீட்டு அங்கிள் பாக்க வருவாரு. இருட்டுல என்னத்த காட்டுறது?”

சேகர் எங்களைப் பார்த்த பார்வை இருக்கிறதே… எனக்கு ரோஷம் வந்துவிட்டது.

“அப்ப எட்டு மணிக்கு வந்து, ஷூகூட கழட்டாம பட்டன தட்டுறது யாருங்க?”

அதைக் கணக்கில் சேர்க்க மறந்துவிட்டாராம்! ஆனால் சிரிக்கவில்லை. அவருக்கு சிங்கப்பூரில் வேலை. எல்லைப் பாலத்து நெரிசலுக்குப் பயந்து விடிகாலை நாலரைக்கே மோட்டார் சைக்கிளை எடுக்கிறவர்.

“இருட்டுல போயி இருட்டுல வர்றேன்,” என்றார். “பட்டன தட்டலன்னா நான் எப்பத்தான் பாக்குறது?”



கூட்டிப் பார்த்தோம். காலை ஆறரையிலிருந்து இரவு பத்து வரை, பதினைந்து மணி நேரத்துக்கு மேல்! தூங்கும் குழந்தையைக் கன்னத்தில் தட்டி எழுப்பிக் கொஞ்சும் சொந்தக்காரர்களை எனக்குப் பிடிக்கவே பிடிக்காது. நானும் அந்தக் கூட்டம்தான் என்று அன்றைக்குத் தெரிந்தது. ஆசை வந்துவிட்டால் அடுத்தவர் தூக்கம் நம் கண்ணில் படுவதில்லை.

பிரான்சிஸுக்கு போன் போட்டோம்.

“பவளத்துக்கு மணி பாக்கத் தெரியுமா என்ன?” என்றார். “மத்தியானம் விடிஞ்சாலும் அதுக்கு ஓகேதான். தெனமும் ஒரே நேரமா இருக்கணும், அவ்ளோதான். இப்ப வெளிச்சத்த பாதியா கொறைங்க. தேறுனப்பறம் வாரா வாரம் கொஞ்சமா ஏத்துங்க.”

புது அட்டவணை போட்டோம். ஒன்றரைக்கு விடியல், ஒன்பதரைக்கு இருட்டு. பட்டன் மேல் டேப் ஒட்டியாகிவிட்டது.

ஒரு தலை பிழைக்கவில்லை. அதை எடுத்துப் போட்டுவிட்டோம். மற்ற இரண்டும் வாரக்கணக்கில் அப்படியே இருந்தன. போன செவ்வாய்க்கிழமை சேகர் வந்தபோது, இரண்டும் பழைய பழுப்போடு நன்றாக விரிந்து ஆடிக்கொண்டிருந்தன. அவர் ஹெல்மெட்டோடு தொட்டி முன் குத்துக்காலிட்டு உட்கார்ந்துவிட்டார்.

“சாப்பிட வாடா,” என்று மாமா இரண்டு தடவை கூப்பிட்டார்.

“இருங்கப்பா… பாத்துட்டு வர்றேன்.”

யாருக்காகவும் சூரியன் நேரத்தை மாற்றிக்கொள்வதில்லை என்பார்கள். எங்கள் வீட்டில் மாற்றிக்கொண்டது — அதன் ஆப் பாஸ்வேர்டு இப்போது என்னிடம்தான் இருக்கிறது.