நகரும் டம்ளரும் நகராத டிரைவரும்

படகு இன்ஜின் ஓட்டுறவனுக்கு முதல்ல காது போகும், அப்புறம் மானம் போகும். கையில ஒட்டுன கிரீஸ் மட்டும் போகாது. டீசல் புகை குடிச்சே வளர்ந்தவங்களா இருந்தா உங்களுக்கே தெரியும்.

எழுபதுகளோட கடைசி. போர்ட் பிளேர்ல ஜனங்களை அக்கரைக்கு ஏத்திட்டுப் போற மரப்படகுல நான் டெம்பரரி டிரைவர். புகார் இல்லாம ஓட்டினா வேலை நிரந்தரம், இல்லேன்னா அடுத்த கப்பல்ல மெயின்லாண்ட். ஊர்ல எல்லார்கிட்டயும் ‘கவர்மெண்டு வேலை’ன்னு அளந்து வச்சிருந்தேன். திரும்பிப் போக மூஞ்சி கிடையாது.

டீ போன பயணம்

ஒத்த சிலிண்டர் இன்ஜின். டுக்கு, டுக்கு, டுக்குன்னு ஒரே தாளத்துல பலகையை உதைக்கும். பலகை மேல வச்ச எதுவும் வச்ச இடத்துல இருக்காது. ஸ்பேனர் கிழக்கே போகும், நட்டு மேற்கே போகும், நாளைக்கு எது எங்க போகும்னு யாராலயும் சொல்ல முடியாது. கத்திரிக்காய் விக்கற வங்காளி அம்மா ஒருத்தங்க, எங்க படகுல வந்து வந்தே தமிழ் கத்துக்கிட்டவங்க. டீ டம்ளரைக் கீழே வச்சுட்டு கூடையைச் சரிபண்ணித் திரும்பினாங்க. டம்ளர் அந்தக் கோடியில ஒரு போலீஸ்காரர் காலடியில நிக்குது. அவரு குடிச்சு முடிச்சுட்டாரு.

அந்த அம்மா என்னை ஒரு பார்வை பார்த்துட்டுக் கேட்டாங்க: “டிரைவர் பாபு, என் டீக்கும் டிக்கெட் வாங்கணுமா?”

வாத்தியார் சொன்ன உதை

வேகத்தைக் கூட்டினா டம்ளர் இன்னும் ஓடும்னுதான் நான் நெனச்சேன். நோண்டிப் பார்த்ததுல, வேக லீவரை ஒரு இடத்துல நிறுத்தினா டம்ளர் நடுங்கிக்கிட்டே ஒரே எடத்துல நின்னுச்சு. லீவர் நின்ன அந்த எடத்துல சுண்ணாம்புல கோடு போட்டேன். அப்புறம் என் நடையே மாறிப்போச்சு.

லீவுக்கு வந்த மெயின்லாண்ட் காலேஜ் வாத்தியார் ஒருத்தர்கிட்ட இதைக் காட்டிப் பீத்தினேன். அவரு மூக்குக்கண்ணாடியைத் துடைச்சுக்கிட்டே சொன்னாரு: ஒரு சக்கரத்தை ஒரே தாளத்துல பலமா உதைச்சா கண்டபடி சுத்தும், வேகம் ஏறிக்கிட்டே போகும். அதுவே அணு மாதிரி பொடிசா இருந்தா கொஞ்ச நேரம் ஏறும், அப்புறம் எவ்வளவு உதைச்சாலும் அதுக்கு மேல வாங்காது, அப்படியே அடங்கிடும். தாளம் தப்பினா மட்டும் மறுபடி கிளம்பிடும். இப்பத்தான் கணக்குப் போட்டுக் கண்டுபிடிச்சிருக்காங்களாம். “உங்க டம்ளர் நிக்கறது வேற சங்கதி, பலகையில அந்த எடம் ஆடல, அவ்வளவுதான்”னும் சொன்னாரு. அது மட்டும் என் காதுல விழல. அப்போ என் டம்ளர் அணு ஜாதின்னு நான் சொன்னதும் அவரு சொன்னது:

“அணுவுல டீ குடிக்க முடியாது, டிரைவரே.”

தள்ளு

பரீட்சை பண்ண இன்ஜினியர் ஐயா வந்தாரு. நம்ம தமிழ்க்காரரு, வெள்ளைப் பேண்ட். மேல அவரு பக்கத்துல டம்ளரை வச்சு, வாத்தியார் மாதிரியே, என்கிட்ட இல்லாத கண்ணாடியைத் துடைச்சு, அணுக் கதையை அவுத்து விட்டேன். டம்ளர் நின்னுச்சு. ஐயா முகத்துல சிரிப்பு. அந்த நேரம் பார்த்து லீவர் கோட்டை விட்டு இறங்குறது இன்ஜின் சத்தத்துலயே தெரிஞ்சுச்சு. கீழே இன்ஜின்கிட்ட இருந்த என் ஹெல்பர், ராஞ்சிக்காரர் பீட்டர் பாய், லீவரைத் தள்ளட்டும்னு கத்தினேன்: “தள்ளு, பாய், தள்ளு.”

பீட்டர் பாய்க்கு ஹிந்திதான். என் ஹிந்தி பாதி தமிழ்னு அவருக்குத் தெரியும். ‘தள்ளு’ங்கறதை ‘டாலோ’ன்னு எடுத்துக்கிட்டாரு. டாலோன்னா ஊத்து. கையில இன்ஜினைக் குளிர வைக்கற மழைத்தண்ணி டின். பக்கத்துல டீசல் டேங்க், மூடி திறந்தபடி. திறந்து வச்ச மகான் நான்தான். டுக்கு... டுக்குடு... டு... தாளம் தப்பிடுச்சு. டம்ளர் கிளம்பி ஐயா மடியில ஏறிச்சு.

பீட்டர் பாய் நிதானமாச் சொன்னாரு: “ஆப் போலா டாலோ. ஹம் டால் தியா.” ஊத்துன்னீங்க, ஊத்திட்டேன்னு அர்த்தம்.

வாய் இன்ஜின்

மின்னி பேங்கற குடாவுக்கு எதிர்ல, நடுத்தண்ணியில இன்ஜின் செத்துப்போச்சு. ஐயா முன்பக்கம் போயி பேண்ட்டைப் பிழிஞ்சுக்கிட்டு இருந்தாரு. நான் கீழே இறங்கி டேங்க்கைக் கழுவிக்கிட்டே, அவருக்குத் தெரியக்கூடாதுன்னு வாயாலயே “டுக்கு, டுக்கு, டுக்கு”ன்னு போட்டேன். என்ன சொல்லுங்க, அசலை விட நல்லாவே வந்துச்சு. கொஞ்ச நேரத்துல தலைக்கு மேல ஐயா குரல்: “சத்தம் வருது. கரைதான் வரமாட்டேங்குது.”

டீசல் பைப்பை ஊதி, உள்ள அடைச்ச காத்தை எடுத்து, ஒருவழியா இன்ஜினைக் கிளப்பினேன். படகுத்துறையில இறங்கினதும், எந்தக் கப்பல்ல என்னை ஏத்தப் போறீங்கன்னு ஐயாகிட்ட நானே கேட்டேன்.

“உன்னை அனுப்பிட்டா இந்தக் கிழட்டு இன்ஜினை எவன்யா தொடுவான்? நிரந்தரம்னு எழுதிடறேன். ஆனா ஒண்ணு, இதை விட்டு நீயும் எங்கயும் போக முடியாது.”

அன்னையிலேருந்து மேலேருந்து ஒரே தாளத்துல உதை விழுந்துக்கிட்டேதான் இருக்கு, நான்தான் ஒரு படி ஏறவும் இல்ல, இறங்கவும் இல்ல.