நடுப் பிளேட்டு

பேச்சே இல்லாத பாட்டாகப் பார்த்து வாங்கிவா என்று அம்மா சொல்லியனுப்பியதால்தான் மாமா அன்று என்னையும் வண்டியில் ஏற்றிக்கொண்டு பூந்தமல்லிக்குப் போனார். மாமா அம்மாவின் தம்பி. என் அக்காவைக் கட்டியவரும் அவர்தான். எங்கள் பக்கத்தில் அது சாதாரணம்.

அந்தப் பங்குனியில் பருத்திப்பட்டில் எங்கள் வீட்டில் அக்காவுக்குப் பிள்ளை பிறந்தது. பிறந்ததே தவிர அழவில்லை. அக்கா மயக்கம் தெளிவதற்குள் மாமா அதைத் துணியில் சுற்றி ஏரிக்கரைக்கு எடுத்துப்போய்விட்டு வெறுங்கையோடு வந்தார். பெயர் வைக்காத பிள்ளைக்கு அழக்கூடாது, அழுதால் அடுத்தது தங்காது என்பது எங்கள் வீட்டுச் சட்டம். வயதானவர்கள் போனால் தெருவே கூடி மாரடித்து ஒப்பாரி வைக்கிற ஊர், இதற்கு மட்டும் வாயைப் பொத்திக்கொண்டது. அக்காவும் பொத்திக்கொண்டாள். பால் கட்டிய மாரோடு சுவர் பக்கம் திரும்பிப் படுத்தவள் யாரோடும் பேசவில்லை. சோறு வைத்தால் அது அப்படியே காய்ந்து கிடந்தது. பேய் பிடித்திருக்கிறது என்று வேப்பிலை அடித்தார்கள். வேப்பமரம் மொட்டையானதுதான் மிச்சம். இவளும் போய்விடுவாளோ என்று அம்மா அடுப்படியில் முணுமுணுத்ததை நான் கேட்டேன்.

மாமாவிடம் ஒரு கிராமபோன் பெட்டி இருந்தது. அதைக் கொண்டுவந்து அக்காவின் தலைமாட்டில் வைத்தார். ஆனால் எங்களிடம் இருந்த தமிழ் பிளேட்டுகளில் ஒன்று சாமியைக் குழந்தையாக்கித் தூளியில் போட்டு ஆட்டியது. இன்னொன்றில் பிள்ளையைப் பறிகொடுத்த ராணி புலம்பினாள். அக்கா காதைப் பொத்திக்கொண்டாள். பிள்ளையைத் தொடாத பாட்டே கிடையாதா என்று அம்மாவுக்கு எரிச்சல். அதன் பிறகு வந்ததுதான் இந்த யோசனை.

ஊரைவிட்டுப் போகிற துரைமார்களின் சாமான்களை வாங்கி விற்கும் பாய் ஒருவர் பூந்தமல்லிக் கடைத்தெருவில் இருந்தார். பீங்கான் கோப்பைகளுக்கும் பழைய பூட்சுகளுக்கும் நடுவே, தடித்த புத்தகம் போன்ற அட்டைகள். உள்ளே வரிசையாகக் காகிதப் பைகள், பைக்கு ஒரு பிளேட்டு. மேலே எல்லாம் இங்கிலீஷ். மாமாவுக்கும் பாய்க்கும் எனக்கும் அதில் ஒரே அளவு ஞானம்தான்.

"துரைங்க இத்த சிம்பொனினு சொல்வாங்க நைனா. ஒரு கூட்டமே உக்காந்துகினு வாசிக்கும். பாடறதுக்கு ஒருத்தன் கெடையாது" என்றார் பாய்.

சந்தையில் மாட்டின் பல்லைப் பிடித்துப் பார்க்கிறவர் மாமா. இங்கே பிளேட்டை வெயிலில் சாய்த்துக் கீறல் பார்த்தார். பிறகு போட்டுக் காட்டச் சொன்னார். முதல் அட்டையிலிருந்த பிளேட்டில் மேளம் இடித்தது. சண்டைக் காலத்தில் குண்டு விழுகிற மாதிரி இருக்கிறது என்று தள்ளிவிட்டார். இரண்டாவது தூங்கவைத்தது. மூன்றாவது இதமாக இருந்தது, மாமாவின் கால்விரல்கூட ஆடியது. பாய் நடுவிலிருந்த பிளேட்டை எடுத்துப் போட்டபோதுதான் வினை வந்தது. தாழ்ந்த குரலில் ஒரு பிடில் இழுக்க, மற்றவை ஒவ்வொன்றாக அதனோடு சேர்ந்துகொண்டன. சாவு வீட்டில் ஒருத்தி எடுத்துக்கொடுக்க மற்றவர்கள் தோளைக் கட்டிக்கொண்டு சேர்ந்துகொள்வார்களே, அதேபோல். மாமா பாதியிலேயே முள்ளைத் தூக்கிவிட்டார்.

"இத்த உருவிடு பாய். மத்தத கட்டு."

"செட்டுனா செட்டுதான் நைனா. நடுவுல உருவிட்டா நான் இத்த வெச்சிகினு இன்னா பண்றது?"

"அது அழுவுற பிளேட்டு. எங்க ஊட்டுக்கு ஆவாது."

நாடக செட்டு வாங்கினாலும் மாமா இப்படித்தான். சாவுக் காட்சி உள்ள பிளேட்டைக் கடையிலேயே விட்டுவிட்டு வருவார். அவருடைய அரிச்சந்திரன் சுடுகாட்டுக்கே போனதில்லை. பாய் அவர் முகத்தைப் பார்த்துவிட்டு அந்த ஒன்றை உருவி வைத்துக்கொண்டு மற்றதைக் கட்டிக் கொடுத்தார்.

பெட்டி காலையும் மாலையும் பாடியது. அக்கா மெல்லச் சுவரை விட்டுத் திரும்பிப் படுத்தாள். ஒரு மத்தியானம் எழுந்து உட்கார்ந்து அந்த அட்டையை மடியில் வைத்துப் புரட்டினாள். காலியாக இருந்த பைக்குள் விரலை விட்டுப் பார்த்தாள்.

"இதுல இருந்தது எங்க, மாமா?"

அவ்வளவு நாளில் அவள் பேசிய முதல் பேச்சு அது. மாமா சட்டைகூடப் போடாமல் வெளியே இறங்கி நடந்தார். பொழுது சாய்வதற்குள் அந்தப் பிளேட்டைத் துண்டில் சுற்றி நெஞ்சோடு அணைத்தபடி வந்து சேர்ந்தார். ஒரு பிளேட்டுக்கு இந்தப் பாடா என்று எனக்குச் சிரிப்பு வந்தது.

"அழுவுற பிளேட்டுனு நீதானடா சொன்ன?" என்றாள் அம்மா.

"அவ கேக்கறாக்கா." பிளேட்டை அக்காவின் கையில் கொடுத்துவிட்டு மாமா மாட்டுக்கொட்டகைக்குப் போய்விட்டார்.

அக்காவே போட்டாள். முதலில் முந்தானையை வாயில் திணித்துக்கொண்டு கேட்டாள். பிடில்கள் ஒன்றாகச் சேர்ந்த இடத்தில் முந்தானை நழுவியது. அப்படி ஓர் அழுகையை நான் அதற்கு முன் கேட்டதில்லை. சட்டம் உடைந்துவிட்டது என்ற பயத்தில் ஓடிப்போய் அம்மாவை இழுத்துவந்தேன்.

அம்மா உள்ளே வந்து கதவைத் தாழ்ப்பாள் போட்டாள். பெட்டியை நிறுத்தத்தான் போகிறாள் என்று பார்த்தால், அதன் பக்கத்தில் கால் நீட்டி உட்கார்ந்துகொண்டாள். பாட்டு முடிந்தது. சாவி கொடுத்து மறுபடி முதலிலிருந்து வைத்தாள். அக்கா மறுபடி அழுதாள்.

"போதும்மா, அக்கா அழுவுதும்மா" என்று புடவையைப் பிடித்து இழுத்தேன். அம்மா என் கையைத் தட்டிவிட்டு இன்னொரு தரம் சாவி கொடுத்தாள். பெற்ற பெண்ணை இப்படி வேண்டுமென்றே அழவைக்கிற கல்நெஞ்சுக்காரியா என் அம்மா என்று எனக்கு ஆத்திரமாக வந்தது.

அழுது ஓய்ந்து அக்கா தரையிலேயே தூங்கிப்போனாள். அம்மா அதற்குப் பிறகும் அந்தப் பிளேட்டை ஒரு தரம் போட்டாள், சத்தம் வெளியே போகாதபடி பெட்டியின் வாய்மேல் முந்தானையைப் போட்டு மூடி. என் பக்கம் திரும்பவே இல்லை. துரைமார் பாட்டு அம்மாவுக்குப் பிடித்துப்போய்விட்டது என்றுதான் நான் நினைத்தேன். நான் பிறப்பதற்கு முன்னால் அவளும் இரண்டு பிள்ளைகளைப் பெயர் வைக்காமலே ஏரிக்கரைக்குக் கொடுத்திருந்தாள் என்று எனக்கு யாரும் சொல்லியிருக்கவில்லை.