கோப்பி இலைக்கு எண்ணெய் பூசினேன்

ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு நின்றுவிட்டது. எழுத்து கோணல், மறதியும் கூட. பிழை இருந்தால் பொறுத்துக்கொள்ளுங்கள். ஆனாலும் இதைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை.

போன வருடம் எங்கள் ஊர் ஓலைத்தொடுவாயில் கோயில் பெருநாள் நெருங்கிய நேரம். பக்கத்து வீட்டுப் பெண் மலையகத்தில் இருந்து வந்து குடியேறியவர். தன் செத்துப்போன தாய் நட்ட கோப்பிச் செடியில் இருந்து ஒரு கன்று கொண்டுவந்து, வாளியில் வைத்து, இந்த வெயிலில் நிழல் கட்டி வளர்த்தார். ஊருக்குப் போகும்போது என்னிடம் விட்டுப் போனார். "தண்ணி ஊத்துங்கக்கா. வேணும்னா பெருநாளைக்குப் பீடத்துக்கிட்ட வச்சுக்கோங்க" என்றார்.

பெருநாளுக்கு முன் புனிதர்களின் மரச் சுருவங்களைத் தேங்காய் எண்ணெய் தொட்டுத் துடைப்பது என் வேலை. துணியில் எண்ணெய் மிச்சம் இருந்தது. கோப்பி இலையில் தெருப்புழுதி. ஒவ்வோர் இலையாக மேலும் கீழும் பூசிவிட்டேன். அப்படி ஒரு மினுக்கம். கோயிலில் எல்லோரும் செடியைத்தான் பார்த்தார்கள்.

பெருநாள் முடிந்து சில நாளில் இலைகள் பழுத்து விழத் தொடங்கின. ஞாயிறு பக்கத்து வீட்டுப் பெண் வந்துவிடுவார். எங்கள் வீட்டு அறையில் வாடகைக்கு இருக்கும் விஞ்ஞானம் படிப்பிக்கும் ரீச்சரிடம் மெல்லச் சொன்னேன்.

"கீழ்ப்பக்கமும் பூசினனீங்களோ அம்மா?"

"ஓம் ரீச்சர், வடிவாய்ப் பூசினனான்."

ரீச்சர் சிரிப்பை அடக்கிக்கொண்டு ஒரு கிளாசில் சுடுதண்ணீர் எடுத்தார். செடியின் அடியில் நான் பூச மறந்த இலை ஒன்று இருந்தது. அதைப் பறித்து உள்ளே அமிழ்த்தினார். இலையின் கீழ்ப்பக்கம் முழுக்கக் குண்டூசித் தலை அளவில் காற்றுக் குமிழிகள். மேல்பக்கத்தில் ஒன்றுமில்லை. எண்ணெய் பூசிய இலையை அமிழ்த்தினால், அங்கொன்று இங்கொன்று.

"இதுதான் கோப்பி இலையின்ர வாசல். காத்து இதாலதான் உள்ள போகும். நீங்கள் எல்லாத்தையும் பூட்டிப்போட்டியள்."

பிறகு இலையை வெயிலுக்கு நேரே பிடித்துக் காட்டினார். வெளிச்சம் உள்ளே போகத்தான் இத்தனை மெல்லிசு, நிறைய வெளிச்சம் பிடிக்கத்தான் இத்தனை அகலம், நரம்பு தண்ணீர் கொண்டுவரும் குழாய் என்றார். காற்று, வெளிச்சம், தண்ணீர் மூன்றையும் வைத்து இலை தனக்குச் சாப்பாடு சமைக்கிறதாம். சூடு பட்டுத் தண்ணீர் வற்றாமல் இருக்கத்தான் வாசல் கீழே.

"எங்கட கட்டுக்கரைக் குளத்துத் தாமரை இலைக்கு வாசல் மேல. கீழ தண்ணியெல்லோ."

எனக்கு உடம்பு சிலிர்த்தது. இவ்வளவு காலம் இலையில் சாப்பிட்டிருக்கிறேன், வேலி அடைத்திருக்கிறேன். அது ஓர் அடுப்படி என்று தெரியாது. வெட்கத்தை விட்டு இன்னும் இரண்டு தரம் செய்துகாட்டச் சொன்னேன்.

அன்றே சவர்க்காரம் கரைத்த நுரைத் தண்ணீரால் மிச்ச இலைகளை இருவரும் மெதுவாய்க் கழுவினோம். ஞாயிறு அந்தப் பெண் வந்து பையை இறக்குமுன் உண்மையைச் சொல்லிவிட்டேன். செடிக்குப் பக்கத்தில் குந்தி, காம்புகளைத் தடவிப் பார்த்தார்.

"ஏன்க்கா, எண்ணெ வச்சீங்க சரி, சடை பின்னி ரிப்பன் கட்டலையா?" என்றார். ஆனால் கண் கலங்கித்தான் இருந்தது.

சில கிழமைகளில் நுனியில் சோடியாய் இரண்டு தளிர் வந்தன. ஓடிப்போய் அவரைக் கூப்பிட்டதும் நான்தான்.

அன்போடு செய்தாலும், ஒன்றைப் பற்றி அறியாமல் கை வைத்தால் அதன் மூச்சை அடைத்துவிடலாம் என்று இந்த வயதில் படித்தேன். ரீச்சர் சொன்னதை நான் சரியாக விளங்கினேனோ தெரியாது, படித்தவர்கள் யாராவது ஒருதரம் பார்த்துத் திருத்திவிடுங்கள்.