ஆறும்போது உடைந்த துண்டு

ஆய்வுக்கூடத்தில் எல்லோருக்கும் அவள் உலைக்கார அக்கா. அணுமின் நிலையத்தில் எரிந்து தீர்ந்த எரிபொருளில் நகக்கண் அளவு துண்டை எடுத்துச் சின்ன மின்உலையில் வைத்துச் சூடேற்றுவது அவள் வேலை. பக்கத்தில் போனால் கதிர்வீச்சில் ஆள் காலி. அதனால் ஒரு மீட்டர் கனக் கண்ணாடிக்கு இந்தப் பக்கம் நின்று, இயந்திரக் கைகளால்தான் எல்லாம். இருபத்தாறு வருடத்தில் தோள்பட்டை கழன்றதுதான் மிச்சம். அவள் உலைக்குத்தான் வாக்கப்பட்டாள் என்று வீட்டுக்காரர் கேலி செய்வார்.

சூட்டில் துண்டுக்குள் அடைபட்ட வாயு எவ்வளவு வெளியேறுகிறது என்று ஒரு கருவி அளக்கும். பாதுகாப்பு விதி எழுதுகிறவர்கள் அந்த அளவுகளைத்தான் நம்பினார்கள். ஓய்வுபெற இரண்டு மாதம் இருந்தது. அவள் பேர் சொல்ல மிஞ்சப்போவது இத்தனை வருடத்தில் செய்த நூற்றுப்பன்னிரண்டு சோதனைகள்தான்.

கடைசிச் சோதனையன்று உச்சச் சூட்டில் வாயு கொட்டிவிட்டு அடங்கியது. வழக்கம்போல உலையை அணைத்தாள், கூடவே கருவியையும் அணைத்தாள். அங்கே எல்லோரும் அப்படித்தான் செய்வார்கள். சூடு முடிந்தால் வேலை முடிந்தது. அலுப்போடு வீட்டுக்குப் போய்ப் படுத்துவிட்டாள்.

காலையில் உலையைத் திறந்தால் துண்டு தூள்தூளாகக் கிடந்தது. உச்சச் சூட்டில் எடுத்த படத்திலோ அது முழுசாக இருந்தது. அப்படியென்றால் ஆறும்போது உடைந்திருக்கிறது. உடைந்தபோது உள்ளே மிச்சமிருந்த வாயுவும் வந்திருக்கும். அதை அளக்க வேண்டிய கருவி தூங்கிக்கொண்டிருந்தது.

தலைமை ஆய்வாளர் அவளைவிடப் பத்து வயது இளையவர், நல்ல மனுஷன். இந்த ஒன்றைப் பழுது என்று எழுதித் தள்ளிவிடலாம், போகிற நேரத்தில் எதற்கு வம்பு என்றார். அவருக்கு அவள்மேல் உண்மையான அக்கறைதான்.

"இது ஒன்னு மட்டும் இல்ல சார்," என்றாள். "எல்லாத்துலயும் அப்படித்தான் அணைச்சேன். முன்னாடியும் துண்டு வெடிப்பு விட்டிருக்கு. சூட்டுல விட்டதுன்னு நெனச்சேன்."

அவர் பழைய சோதனைப் பதிவேட்டைப் பார்த்தார். "இத எழுதினா நூத்திப்பன்னெண்டும் போயிடும்க்கா."

"தெரியும் சார்."

அவளுக்கு அழுகை வந்தது, அதை அப்புறம் பார்த்துக்கொள்ளலாம் என்று நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள். புதுத் தாளில் முதல் சோதனையின் தேதியை எழுதி, எதிரே, 'ஆறும்போது அளக்கவில்லை' என்று எழுதினாள். பிறகு இரண்டாவது.