சிவப்பு டப்பாவிலிருந்து திரும்பி வந்த ஒரு மணி

இன்று காலை பள்ளி மேடையில் எங்கள் அக்கா தன் பவள மாலையைக் கழற்றி நாட்டுக்குக் கொடுத்தாள்!

(பவளம்: பாலிமர் களிமண். தயாரிப்பு: அடியேன். வெந்த இடம்: எங்கள் வீட்டுக் குக்கர்.)

முதலில் குற்றத்தை ஒப்புக்கொண்டு விடுகிறேன்.

போன வாரம் பாலிமர் களிமண் வாங்கினேன். பிசைந்து, உருவம் செய்து, சூட்டில் வைத்தால் இறுகிவிடும் கலர் மண். வீடியோக்களில் எல்லோரும் அதில் ரோஜாப்பூ செய்கிறார்கள். நான் பல்லி செய்தேன்.

(சூட்டில் வைக்கவே இல்லை. மெத்தென்று இருந்தால்தானே பல்லிக்கு மரியாதை!)

அதை அக்காவின் நாடகப் பெட்டிக்குள் படுக்க வைத்தேன்.

அக்கா பிளஸ் டூ. சுதந்திர தின விழாவில் வெள்ளைக்காரன் காலத்து நாடகம். போராட்ட நிதிக்குத் துண்டேந்தி வருகிறவர்களிடம் பணக்கார வீட்டுப் பெண் ஒருத்தி தன் மாலையைக் கழற்றிப் போடுவதுதான் கடைசிக் காட்சி. அந்தப் பெண் எங்கள் அக்கா. மரம், இரண்டாவது சேவகன், திரை இழுப்பவள் என்றே பள்ளிக் காலத்தை ஓட்டியவளுக்கு முதன்முதலாகக் கிடைத்த வசனம்!

பெட்டியைத் திறந்தாள். அலறினாள். பல்லியோடு சேர்த்து, பெட்டியில் இருந்த நாடக மாலையையும் வீசினாள்.

கண்ணாடி மணி. டைல்ஸ் தரை. மீதிச் சத்தத்தை நீங்களே போட்டுக்கொள்ளுங்கள்.

அக்கா திட்டவே இல்லை. அதுதான் பயங்கரம். உடைந்ததைப் பெருக்கினாள், பல்லியையும் எடுத்துக்கொண்டாள், அறைக்குள் போய்க் கதவைச் சாத்தினாள். அதோடு என்னிடம் பேச்சு நின்றது.

அம்பத்தூர் ஓ.டி. கடைத்தெருவில் ஒரு ஃபேன்சி ஸ்டோர் விடாமல் ஏறி இறங்கினேன். எல்லாம் பளபளா டிஸ்கோ மாலை. அதைப் போட்டால் வெள்ளைக்காரன் போராட்டமே இல்லாமல் சிரித்துக்கொண்டே ஊருக்குப் போயிருப்பான்.

"நானே செஞ்சு தரேன்க்கா" என்று மூடிய கதவிடம் சொன்னேன். கதவும் பேசவில்லை.

கையில் இரண்டே நாள். வேண்டியது ஐம்பத்து நான்கு மணி.

முதலில் மொட்டை மாடி வெயிலில் காய வைத்தேன். மாலையில் போய்ப் பார்த்தால் மணிகள் இறுகாமல் இளகி, ஒன்றையொன்று கட்டிப்பிடித்துக்கொண்டிருந்தன.

வீட்டில் ஓவன் கிடையாது. இட்லிப் பானை உண்டு. அவித்தேன். ஒவ்வொரு மணியிலும் இட்லித் துணி டிசைன்!

அடுத்து, குக்கரில் உப்பைக் கொட்டி கேக் செய்வார்களே, அந்த முறை. உப்பில் பட்ட பக்கம் கருகல், மறுபக்கம் வேகாமல் பச்சை. வீடெல்லாம் நாற்றம்.

சரியாக அப்போது அம்மா ஷிஃப்ட் முடிந்து வந்தாள். அம்மாவுக்கு அம்பத்தூர் இண்டஸ்ட்ரியல் எஸ்டேட்டில் ஒரு போல்ட் கம்பெனியில் இன்ஸ்பெக்‌ஷன் வேலை. அளவு தப்பினால் எந்த போல்ட்டும் அவள் கையைத் தாண்டாது.

"இன்னாடா இது, ஊடு பூரா பிளாஸ்டிக் நாத்தம்? மொதல்ல ஜன்னல தொற!"

"அக்காவுக்கு மணி செய்றேம்மா."

"மணியா இது? எலிப் புழுக்க மாதிரி கீது." ஒன்றை எடுத்து விரலில் உருட்டினாள். "கோணல். ரிஜக்ட்."

"அம்மா, இது மாலை. போல்ட் இல்ல."

"மேடைல போட்டுக்கினு நிக்கப் போறது என் பொண்ணு. ரிஜக்ட்! அப்புறம், அந்தக் குக்கர்ல இனிமே சோறு ஆக்க முடியாது. அத்த நீயே வச்சிக்கினு குடும்பம் நடத்து."

பழைய கல்யாணப் பத்திரிகை ஒன்றை எடுத்து இரண்டு ஓட்டை போட்டாள். "பெரிய ஓட்டைல போவணும். சின்ன ஓட்டைல போவக் கூடாது. தப்பினா இங்க." காலி ஐஸ்கிரீம் டப்பாவைத் தட்டினாள். சிவப்பு டப்பா. கம்பெனியிலும் ரிஜக்ட் டப்பா சிவப்புதானாம்.

நொந்துபோய்த் தெருமுனைக்கு வந்தேன். அங்கே கிரில் சிக்கன் கடை. கோழிகள் கம்பியில் சுற்றிக்கொண்டிருந்தன. எதன் மேலும் படாமல், எல்லாப் பக்கமும் ஒரே நிறத்தில்!

ஓடி வந்தேன். பழைய சைக்கிள் ஸ்போக்கை நறுக்கி, மணிகளைக் கோத்து, குக்கருக்குள் கிண்ணம் வைத்து அதன் விளிம்பில் குறுக்கே தொங்கவிட்டேன். சிறு தீ. ஜன்னல் எல்லாம் திறந்தபடி. அவ்வப்போது ஒரு திருப்பு.

திறந்தால் பவளம்! அசல் பவளத்துக்கே சந்தேகம் வரும்!

அம்மா ஓட்டை போட்ட பத்திரிகையோடு உட்கார்ந்தாள். பாஸ். பாஸ். ரிஜக்ட். பாஸ்.

கடைசியில் தேறியவை ஐம்பத்து மூன்று. ஒன்று குறைகிறது. களிமண்ணும் காலி.

அம்மா என்னைப் பார்த்தாள். சாத்திய கதவைப் பார்த்தாள். பிறகு சிவப்பு டப்பாவுக்குள் கைவிட்டு, லேசாகக் கோணிய ஒரு மணியை எடுத்தாள்.

"பின்னங் கழுத்துல, முடிச்சுகிட்ட கோத்துடு. ஜடை மறச்சிக்கும்."

அம்மா சர்வீசில் சிவப்பு டப்பாவிலிருந்து ஒரு பீஸ் திரும்பி வந்தது இதுதான் முதல் தடவையாம்!

இன்று மேடையில் அக்கா வசனத்தை ஒரு சொல் பிசகாமல் சொன்னாள். மாலையைக் கழற்றித் துண்டில் போட்டாள். அது விழுந்த சத்தம் எனக்குக் கேட்டது. அப்புறம் கேட்டதெல்லாம் கைதட்டல். பக்கத்தில் அம்மா மெதுவாக, "பாஸ்" என்றாள்.

நாடகம் முடிந்து அக்கா வந்தாள். விழாவில் கொடுத்த லட்டுப் பொட்டலத்தை நீட்டினாள்.

"இந்தா."

இரண்டு நாளில் முதல் சொல்! நெஞ்சு உருகப் பொட்டலத்தைப் பிரித்தேன்.

லட்டு மேல் பல்லி!

நான் போட்ட அலறலில் லட்டு பறந்து தலைமையாசிரியர் காலடியில் போய் விழுந்தது.

"இன்னாடா, உன் கையால செஞ்சதுக்கு நீயே பயந்துக்கினியா? லூசு! எரும! இத்தயாச்சும் ஒழுங்கா வேக வைடா, கொழகொழன்னு கீது!" என்று வெடித்தாள் அக்கா.

வீடு வரும்வரை திட்டு நிற்கவில்லை. காது குளிர, ஒன்று விடாமல் கேட்டுக்கொண்டே வந்தேன்.

கிரில் சிக்கன் மாஸ்டருக்கு நன்றி. அந்தக் கோணல் மணிக்கும், அதை எடுத்துக் கொடுத்த கைக்கும் நன்றி.

அக்கா, நீ திட்டு. ரொம்ப நன்றி!