எந்தக் கூட்டமுங்க?

எங்கள் வரலாற்றுப் பேராசிரியைக்கு அரண்மனை விவகாரம் என்றால் அல்வா சாப்பிடுகிற மாதிரி. போர்களையும் உடன்படிக்கைகளையும் மூச்சு விடாமல் ஒப்பித்துவிட்டுப் போகிறவர், எங்காவது ஒரு ராஜாவோ ராணியோ பேர் கெட்டுப்போன கதை வந்துவிட்டால் நாற்காலியை முன்னால் இழுத்துப் போட்டு உட்கார்ந்துவிடுவார். பிரெஞ்சுப் புரட்சிக்கு முந்தைய வைர நெக்லஸ் விவகாரத்தை அப்படித்தான் சொன்னார். ராணி ரகசியமாக ஒரு வைர நெக்லஸுக்கு ஆசைப்படுகிறாள் என்று ஒரு மோசடிக்காரி ஒரு பெரிய பாதிரியாரை நம்பவைக்கிறாள். ராணி மாதிரி வேஷம் போட்ட ஒருத்தியைத் தோட்டத்து இருட்டில் அவருக்குக் காட்டுகிறாள். அவர் வாங்கிக் கொடுத்த நெக்லஸைப் பிரித்து விற்றுவிடுகிறார்கள். ராணி அதைத் தொட்டதுகூட இல்லை. கோர்ட்டில் உண்மை வெளியே வந்தது. ஆனாலும் ஜனங்கள் கடைசிவரை ராணியைத்தான் ஏசினார்கள்.

"யார் எடுத்தாங்கங்கறது பரீட்சைக்கு. ஜனங்க ஏன் உடனே நம்புனாங்கங்கறதுதான் சரித்திரம்" என்றார் பேராசிரியை. வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன்.

தொண்ணூறுகளின் நடுவில் நான் கோயம்புத்தூரில் பி.ஏ. கடைசி வருடம் படித்துக்கொண்டிருந்தேன். சோமனூருக்குப் பக்கத்தில் எங்கள் ஊர். அப்பா வீட்டை ஒட்டியே தறிக்குடோன் வைத்திருந்தார். எங்கள் தெருவிலிருந்து பஸ் ஏறிக் கல்லூரிக்குப் போன முதல் பெண் நான்தான். என்னை அனுப்பியதற்காக அப்பாவைப் பார்த்துத் தலையாட்டியவர்கள் அநேகம். 'பாக்கலாம், பாக்கலாம்' என்கிற தலையாட்டல் அது.

ஒரு நாள் சாயங்காலம் அவிநாசி ரோட்டில் பஸ் படுத்துக்கொண்டது. வானம் கருத்து, தூறல் வேறு. எல்லாரும் இறங்கிக் கிடைத்த வண்டியில் தொற்றிக்கொண்டு போக, கடைசியில் நானும் ஒரு புளியமரமும்தான் மிச்சம். அப்போது ஒரு ஸ்கூட்டர் வந்து நின்றது. அவிநாசிப் பக்கத்துக்காரர், சோமனூருக்கு நூல் எடுக்கப் போகிறவர். முகத்தைப் பார்த்தால் யோக்கியமாகத்தான் தெரிந்தது.

"ஏனுங்க, சோமனூருங்களா? மழ புடிச்சுக்கும் போல இருக்குதுங்க. உக்காருங்க, உட்டுட்டுப் போறேன்."

நான் தயங்கினேன். அவர் உடனே கேட்டார்: "நீங்க எந்தக் கூட்டமுங்க?"

வெளியூர்க்காரர்களுக்கு இந்தக் கேள்வி விநோதமாக இருக்கும். எங்கள் ஜாதிக்குள் பல கூட்டங்கள் உண்டு. ஒரே கூட்டத்தில் பிறந்தவர்கள், முன்பின் பார்த்ததே இல்லை என்றாலும், பங்காளிகள், அண்ணன் தங்கச்சி. வேறு கூட்டம் என்றால் மாமன் மச்சான், கட்டிக்கொள்கிற முறை. அதனால் புதிதாகப் பார்க்கிறவர்கள் பேரைக் கேட்பதற்கு முன்னால் கூட்டத்தைக் கேட்டுவிடுவார்கள். கூப்பிட ஒரு வார்த்தை வேண்டுமே.

சொன்னேன். அவர் முகம் மலர்ந்தது. "அட, அப்படீன்னா நாம பங்காளிங்க. நீங்க எனக்குத் தங்கச்சி மொறை. பயப்படாம உக்காருங்க."

"சரிங்கண்ணா" என்று ஏறி உட்கார்ந்தேன்.

வழியில் மழை வலுத்து, ஒரு டீக்கடைக் கூரையடியில் ஒதுங்கினோம். அவர் டீ வாங்கிக் கொடுத்தார். குடித்தேன். நடந்தது அவ்வளவுதான்.

மறுநாள் காலையில் பால் ஊற்றுகிற இடத்தில் அந்த ஒரு டீ இரண்டு டீ ஆனது. மத்தியானத்துக்குள் டீக்கடை சினிமா தியேட்டர் ஆனது. அப்பாவின் அக்கா, எனக்கு அத்தை, அடுத்த தெருவிலிருந்து மூச்சிரைக்க ஓடி வந்தாள். அப்பா தறியை நிறுத்திவிட்டு வந்து என் எதிரில் நின்றார்.

"யாரு அம்மணி அது?"

எனக்குக் கொஞ்சமும் பயம் இல்லை. என் கையில்தான் பதில் இருக்கிறதே. "நம்ம பங்காளிதானுங்கப்பா. அண்ணன் மொறை. அவீங்களே சொன்னாங்க" என்றேன்.

அத்தை தலையில் அடித்துக்கொண்டு அழ ஆரம்பித்தாள். எனக்கு ஒன்றும் புரியவில்லை. அவள் வாயிலிருந்து வந்த பிறகுதான் புரிந்தது. "மாமன் மொறையா இருந்திருந்தாக்கூட ஒரு தாலியக் கட்டி வெச்சு மூடிப்போடலாமே! அண்ணன் மொறைக்காரனோட சுத்திப்போட்டு வந்திருக்கறாளே, இத எங்க போய்ச் சொல்லுவேன்!"

என்னைக் காப்பாற்றும் என்று நினைத்த வார்த்தையே என் கழுத்தைப் பிடித்தது. அண்ணன் என்றால் தப்பே நடந்திருக்காது என்று நான் நினைத்தேன். தப்பு நடந்தது நிச்சயம் என்று அவர்கள் முதலிலேயே முடிவு செய்துவிட்டார்கள். அதனால் அண்ணன் என்பது தப்பை இரண்டு மடங்காக்கியது, அவ்வளவுதான். கல்லூரி அன்றோடு நின்றது. பரீட்சைக்கு இன்னும் கொஞ்ச காலமே இருந்தது.

அடைத்து வைத்தார்கள் என்று சொன்னால் அப்பா இன்றும் வருத்தப்படுவார். கதவைப் பூட்டவில்லை. பூட்ட வேண்டிய அவசியமே இல்லை. வாசலில் கோலம் போடப் போனால் போதும், எதிர்வீட்டிலிருந்து குரல் வரும்: "ஏனுங்க அம்மணி, இன்னைக்குக் காலேஜுக்குப் போகலீங்களா?" கடைக்குப் போனால், "கண்ணு, ஒடம்புக்கு ஏதாச்சுங்களா?" எங்கள் ஊரில் யாரும் யாரையும் மரியாதை இல்லாமல் அவமானப்படுத்துவதில்லை. அத்தனை 'ங்க'வுக்கும் நடுவில் நான் பதில் சொல்ல முடியாமல் நின்றேன். பிறகு வாசலுக்குப் போவதையே விட்டுவிட்டேன். குடோனை ஒட்டிய அறையில் உட்கார்ந்திருப்பேன். தறிச் சத்தத்தில் சுவர் நாள் முழுக்க அதிரும். கரண்ட் போனால் சத்தம் நிற்கும். உடனே அடுத்த அறையில் அம்மாவும் அத்தையும் என்னைப் பற்றிப் பேசுவது கேட்கும். தறி ஓட்டாதவர்களில், கரண்ட் சீக்கிரம் வரவேண்டும் என்று வேண்டிக்கொண்டு உட்கார்ந்திருந்த ஆள் அந்த ஊரிலேயே நான் ஒருத்தியாகத்தான் இருப்பேன்.

புத்தகத்தைப் பிரித்தால் அந்த ராணி வந்து நின்றாள். எனக்கு அவள்மேல் பொறாமைகூட வந்தது. அவளுக்காவது ஒரு கோர்ட் இருந்தது. என்னை யாரும் விசாரிக்கவே இல்லை. பேராசிரியை சொன்னதன் அர்த்தம் அந்த அறையில்தான் எனக்கு உறைத்தது. பிரெஞ்சு ஜனங்கள் நெக்லஸைப் பார்த்து நம்பவில்லை. ராணி அப்படிப்பட்டவள்தான் என்று எப்போதோ தீர்மானித்துவிட்டுக் காரணத்துக்காகக் காத்திருந்தார்கள். எங்கள் தெருவும் நான் முதல் நாள் பஸ் ஏறியதிலிருந்து காத்திருந்தது. ஸ்கூட்டர் வராமல் போயிருந்தால் வேறு ஏதாவது வந்திருக்கும். இதை நினைத்தால் இன்றைக்கும் எனக்குப் பற்றிக்கொண்டு வருகிறது.

ஒரு ஞாயிற்றுக்கிழமை வாசலில் கார் வந்து நின்றது. அந்த ஸ்கூட்டர்க்காரரும் அவருடைய அப்பா அம்மாவும் இறங்கினார்கள். பேச்சு அவிநாசிவரைக்கும் போயிருக்கிறது. அவருடைய அம்மா கூடத்தில் உட்கார்ந்து பொறுமையாகப் பேசினார். "நாங்க பங்காளி இல்லீங்க. வேற கூட்டமுங்க. புள்ள மழையில நனையுதேன்னு, பயப்படாம ஏறட்டும்னு இவன் வாய்க்கு வந்ததச் சொல்லிப்போட்டானுங்க. மொறை சரியாத்தான் இருக்குதுங்க. பேச்சுன்னு வந்துருச்சு, நாமளே உறுதி பண்ணிப்போடலாமுங்க."

அப்பாவின் முகத்தைப் பார்த்தேன். அத்தனை வாரங்களுக்கு அப்புறம் அன்றுதான் அவர் நிமிர்ந்து உட்கார்ந்தார். உள்ளே பார்த்துச் சத்தமாகக் காபி கொண்டுவரச் சொன்னார். அத்தை கண்ணைத் துடைத்துக்கொண்டு சிரித்தாள். இவ்வளவு நாளாக வாயில் வைத்துச் சொல்ல முடியாத அசிங்கமாக இருந்தது, கூட்டத்தின் பேர் மாறியதும் ஒரு நொடியில் கல்யாணம் ஆகிவிட்டது. நான் என்ன செய்தேன், செய்யவில்லை என்பதை அப்போதும் யாரும் கேட்கவில்லை.

அப்பா மட்டும் ஒரு வார்த்தை இழுத்தார். "பரீட்ச ஒண்ணு இருக்குதுங்க புள்ளைக்கு…"

"அதெதுக்குங்க இனி? நம்மூட்டுக்கு வந்து தறியப் பாத்துக்கிட்டா ஆகாதுங்களா?" என்றார் அந்த அம்மா, அன்பாக. அப்பா தலையாட்டினார்.

காபித் தட்டை அம்மா என் கையில் கொடுத்தாள். கதவு நிலையில் நின்று அவரைப் பார்த்தேன். வெள்ளைச் சட்டை போட்டுக்கொண்டு தரையைப் பார்த்தபடி உட்கார்ந்திருந்தார். கெட்டவராக இருந்திருந்தால் எனக்குச் சுலபமாக இருந்திருக்கும். மழையில் நின்றவளுக்கு நல்லது செய்யப்போய் என்னோடு சேர்ந்து மாட்டிக்கொண்டவர். மாட்டேன் என்று நான் சொன்னால் அந்தக் கூடத்தில் அது யார் காதிலும் விழாது. அவர்களுக்குக் கேட்கிற பாஷை ஒன்றுதான். தட்டை அவர் முன்னால் நீட்டினேன்.

"எடுத்துக்குங்கண்ணா."

"அம்மணி!" என்றார் அப்பா. அத்தை பல்லைக் கடித்துக்கொண்டு, "மாமான்னு சொல்லு கண்ணு" என்றாள்.

தட்டை நீட்டியபடியே சொன்னேன்: "அன்னைக்கு அண்ணான்னுதானுங்க கூப்புட்டேன். அண்ணன்னு நெனச்சுத்தானுங்க வண்டில ஏறினேன். இனி மாத்திக் கூப்புட என்னால ஆகாதுங்க."

அவர் தலையை நிமிர்த்தி என்னைப் பார்த்தார். எவ்வளவு நேரம் பார்த்தார் என்று தெரியாது. பிறகு டம்ளரை எடுத்துக்கொண்டு, "குடுங்க தங்கச்சி" என்றார்.

அதற்குப் பிறகு பேசுவதற்கு ஒன்றுமில்லை. இரண்டு பேர் வாயிலிருந்தும் அந்த முறை வந்துவிட்ட பிறகு எந்தப் பெரியவர் தாலி எடுத்துக் கொடுப்பார்? அவருடைய அம்மா எழுந்து, எல்லாரிடமும் மரியாதையாகச் சொல்லிக்கொண்டு, காபியைக் குடிக்காமல் காரில் ஏறினார். அந்த ஸ்கூட்டர்க்காரர் எதற்காக என்னைத் தங்கச்சி என்றார் என்று எனக்கு இன்றுவரை தெரியாது. இரக்கமா, ரோஷமா, அவருக்கும் விருப்பம் இல்லையோ என்னவோ. அதன் பிறகு நான் அவரைப் பார்க்கவே இல்லை. எனக்குக் கூடப் பிறந்தவர்கள் யாரும் கிடையாது.

சாயங்காலத்துக்குள் ஊருக்குத் தெரிந்துவிட்டது. கெட்டுப்போனவள் என்பதோடு புத்தி பிசகியவள் என்பதும் சேர்ந்துகொண்டது. அம்மா என்னோடு பேசவில்லை. மறுநாள் காலை அப்பா குடோனுக்குப் போகிற வழியில் என் அறை வாசலில் நின்றார்.

"பரீட்ச என்னைக்கு?"

"வார திங்கக்கெழமைங்கப்பா."

"போய் எழுதிப்போட்டு வா. இனி உன்னைய ஊட்டுல வெச்சு நான் எதக் காப்பாத்தப் போறேன்?"

கோபமாகச் சொல்லியிருந்தால் சண்டை போட்டிருப்பேன். தறியில் பாவு நூல் அறுந்துபோச்சு என்று சொல்கிற குரலில் சொல்லிவிட்டுப் போனார். நான் ஆசைப்பட்டது கிடைத்துவிட்டது. கதவைச் சாத்திக்கொண்டு அழுதேன்.

திங்கட்கிழமை பஸ்ஸில் எங்கள் ஊர்க்காரர்கள் நிறையப் பேர் இருந்தார்கள். மூன்று வருடமும் பாதித் தூரம் நின்றுகொண்டே போன பஸ் அது. அன்றைக்கு எனக்கு ஏறியதுமே இடம் கிடைத்தது. கம்பியைப் பிடித்துக்கொண்டு பெண்கள் வரிசையாக நின்றார்கள். எனக்குப் பக்கத்து சீட் கோயம்புத்தூர்வரைக்கும் காலியாகவே வந்தது. கொஞ்ச தூரம் ஓரத்திலேயே ஒடுங்கி உட்கார்ந்திருந்தேன். பிறகு ஜன்னல் பக்கம் நகர்ந்து, காலை நீட்டி உட்கார்ந்து, புத்தகத்தைப் பிரித்துப் படிக்க ஆரம்பித்தேன்.